ட்ரோனில் திசைகாட்டும் எல்இடி விளக்குகளுக்கு மின்சாரம் எங்கிருந்து எடுப்பது?

4எஸ் லிப்போ (நான்கு செல் லித்தியம் பாலிமர் பேட்டரி) ட்ரோனில் விளக்குகளை ஃப்ளைட் கன்ட்ரோலரின் (ட்ரோனைக் கட்டுப்படுத்தும் மின்பலகை) 5 வோல்ட் பேடில் (ஒயரைப் பற்றவைக்கும் இடம்) இணைக்கலாமா என்பது கேள்வி. சாதாரண எல்இடி மூன்று நான்கு என்றால் தாராளமாக. முகவரியிடக்கூடிய ஆர்ஜிபி வகை (ஒவ்வொன்றின் நிறத்தையும் தனித்தனியே மாற்றக்கூடியது) என்றால் யோசிக்க வேண்டும்: முழு வெள்ளையில் ஒன்றே ஏறக்குறைய 60 மில்லிஆம்பியர் இழுக்கும், எட்டு சேர்ந்தால் 480. அதே 5 வோல்ட்டில்தான் ரிசீவரும் ஜிபிஎஸ்ஸும் ஓடுகின்றன. மின்னழுத்தம் சரிந்தால் கன்ட்ரோலர் நடுவானில் ரீஸ்டார்ட் ஆகும்; பிறகு கீழே விழுந்ததைப் பொறுக்க வேண்டியதுதான்.

அதற்குப் பதிலாக பேட்டரியிலிருந்து தனி 5 வோல்ட் பக் கன்வெர்ட்டர் (மின்னழுத்தத்தைக் குறைத்துத் தருவது; 1 ஆம்பியர் போதும்) வைத்து, அதன் உள்ளீட்டில் சிறிய ஃபியூஸ் போடுங்கள். சிக்னல் ஒயர் கன்ட்ரோலரிலிருந்து வந்தால் இரண்டின் கிரவுண்டு ஒயரும் ஒன்றாக இணைந்திருக்க வேண்டும்.

சாதாரண எல்இடிக்கு ஒவ்வொன்றுக்கும் தனி ரெசிஸ்டர். 15 மில்லிஆம்பியர் (0.015 ஆம்பியர்) கரண்டுக்குக் கணக்கு இது. சிவப்பு சுமார் 2 வோல்ட் எடுக்கும்: (5−2)/0.015 = 200, எனவே 220 ஓம். பிரகாசமான பச்சை சுமார் 3.2 வோல்ட்: 120 ஓம். ஒரே ரெசிஸ்டரில் இரண்டையும் இணையாக (பேரலல்) கோத்தால் சிவப்பே கரண்டை இழுத்துக்கொள்ளும், பச்சை எரியாது.

12 வோல்ட் ஸ்ட்ரிப்பை 4எஸ்ஸில் நேரடியாகக் கொடுக்காதீர்கள். முழு சார்ஜில் அது 16.8 வோல்ட்; ஸ்ட்ரிப் சூடேறிக் கருகும். பேலன்ஸ் ஒயரில் (பேட்டரியின் ஒவ்வொரு செல்லிலிருந்தும் தனியே வரும் மெல்லிய ஒயர்) ஒரு செல்லை மட்டும் தட்டி எடுப்பதும் தவறு, அந்த செல் மற்றவற்றைவிட முன்பே வடிந்துவிடும்.

ட்ரோனின் இடது கையில் சிவப்பு, வலது கையில் பச்சை, வாலில் வெள்ளை. முதல் சோதனை ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிட்டுத்தான்.