சரிவில் நடக்கும் பொம்மை முதல் கைத்தடி வரை: டிசைன் மாணவியிடம் கேளுங்கள்

அன்றாடப் பொருட்களை வடிவமைக்கும் படிப்பான இன்டஸ்ட்ரியல் டிசைன் கடைசி ஆண்டு படிக்கிறேன். மதிப்பெண்ணுக்காக இல்லாமல் ஆசைக்காகச் செய்த பொருட்களின் படங்களைப் போட்டதும் நிறையப் பேர் கேள்வி அனுப்பியிருந்தீர்கள். முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, அந்த நடக்கும் பொம்மைக்குள் மோட்டார் இருக்கிறதா?

மோட்டாரும் இல்லை, பேட்டரியும் இல்லை. சரிவில் இறங்கும்போது கிடைக்கும் விசையே போதும். பாதங்களின் அடிப்பக்கம் வளைவாக இருக்கும். பொம்மையைச் சரிவில் நிறுத்திப் பக்கவாட்டில் லேசாக ஆட்டிவிட்டால் ஒரு பக்கம் சாயும். அப்போது மறுபக்கக் கால் தரையைவிட்டு எழும்பி, ஊசல் மாதிரி முன்னால் வீசும். அது ஊன்றியதும் உடம்பு அந்தப் பக்கம் சாயும். இப்படியே மாறி மாறிப் போகும். சரிவு கூடினால் குப்புற விழும், குறைந்தால் இரண்டு எட்டு வைத்து நின்றுவிடும்.

என்னுடையது முதலில் நின்ற இடத்திலேயே ஆடிக்கொண்டிருந்தது. பாதக் கட்டையை உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்து நடக்க வைத்தேன். இடது பாதத்தில் நாலு இழுப்பு கூடிப்போனதால் நேராகப் போகாமல் ஒரு பக்கமாகவே வளைந்து போனது. ஊசல் பற்றிப் பரீட்சைக்குப் படித்திருக்கிறேன். ஆனால் ஒரு மில்லிமீட்டர் வளைவு நடையையே மாற்றும் என்பதை அன்று என் விரல்தான் கற்றுக்கொண்டது. அடுத்த பருவத்தில் முதியவர்களுக்கான கைத்தடி செய்யச் சொன்னபோது, அடியில் மாட்டும் ரப்பர் பூணைத் தட்டையாக விடாமல் வளைவாகச் செய்யலாம் என்று தோன்றியது இந்தப் பொம்மையால்தான்.

கேள்வி: இதெல்லாம் வெறும் விளையாட்டு, வேலைக்கு உதவாது என்று வீட்டில் சொல்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்ல்ஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியைக் காட்டுங்கள். ஒட்டுப்பலகையை இரு திசையிலும் வளைக்க முடியுமா என்று தங்கள் குடியிருப்பிலேயே சோதித்துப் பார்த்தவர்கள் அவர்கள். 1942-இல் அதே முறையில் அமெரிக்கக் கடற்படைக்குக் காயம்பட்ட காலைத் தாங்கும் பலகை செய்தார்கள். போருக்குப் பிறகு அதிலிருந்து நாற்காலிகள் பிறந்தன. பெயர் வந்த பிறகும் அவர்கள் பொம்மை செய்வதை விடவில்லை. பயனில்லை என்ற சொல்லுக்கு அஞ்சவும் வேண்டாம். இத்தாலியக் கலைஞர் புரூனோ முனாரி 1930-களில் காற்றில் அசைந்து தொங்கும் உருவங்களைச் செய்து, அவற்றுக்குப் ‘பயனற்ற இயந்திரங்கள்’ என்றே பெயர் வைத்தார்.

கேள்வி: ஐடியாவே வருவதில்லை. பின்டரெஸ்ட் பார்த்தால் எல்லாவற்றையும் ஏற்கெனவே யாரோ செய்துவிட்ட மாதிரி இருக்கிறது.

எனக்கும் முதல் ஆண்டு முழுக்க இதே பாடுதான். இப்போது கையால் மூன்று மாதிரியாவது செய்த பிறகுதான் அடுத்தவர் செய்ததைப் பார்ப்பேன். முதலிலேயே பார்த்துவிட்டால், அந்த வடிவம் கண்ணிலேயே நின்றுவிடும்.

இன்னொன்று, உங்களுக்கு நீங்களே ஒரு கட்டுப்பாடு போட்டுக்கொள்ளுங்கள். ஜெர்மனியின் பௌஹவுஸ் என்ற கலை, வடிவமைப்புப் பள்ளியில் பாடம் நடத்திய ஜோசப் ஆல்பர்ஸின் வகுப்பைப் பற்றி அவருடைய மாணவர் ஒருவர் எழுதியிருக்கிறார். ஆல்பர்ஸ் எல்லோருக்கும் செய்தித்தாள் கொடுத்து, வீணாக்காமல் அதிலிருந்து ஏதாவது செய்யுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். கோட்டை, விமானம், மிருகம் என்று ஆளுக்கொன்று செய்தார்கள். அவர் பாராட்டியதோ, தாளை நீளவாக்கில் மடித்து நிறுத்தி வைத்த ஒருவரை. மெல்லிய தாள் விளிம்பில் நிற்கிறது, இரண்டு பக்கமும் கண்ணுக்குத் தெரிகிறது, தாளால்தான் அப்படி முடியும் என்று விளக்கினாராம். இதைப் படித்த அன்றே பசை இல்லாமல் ஒரு ஏ4 தாளை மட்டும் வைத்து ஒரு கனத்த அகராதியைத் தாங்க வைக்கப் பார்த்தேன். சுருட்டியபோது நசுங்கிச் சரிந்தது. விசிறி மடிப்பாக மடித்து, வட்டமாக வளைத்து, ஓரங்களை ஒன்றுக்குள் ஒன்று செருகி நிறுத்தினேன். தாங்கியது.

கேள்வி: இயற்கையிலிருந்து எடுப்பது என்றாலே இலை வடிவ விளக்கு, பூ வடிவக் கிண்ணம்தானா?

அது தோற்றத்தை மட்டும் எடுப்பது. அது எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். ஜப்பானில் அதிவேக ரயில் சுரங்கத்துக்குள் நுழையும்போது காற்று அழுந்தி, மறுமுனையில் வெடிச் சத்தம் கேட்டது. பறவைகளைப் பார்ப்பதில் ஆர்வமுள்ள பொறியாளர் எய்ஜி நகட்சு, மீன்கொத்தி அதிகம் நீர் தெறிக்காமல் பாய்வதைக் கவனித்திருந்தார். 1997-இல் ஓடத் தொடங்கிய ‘500 வரிசை’ என்ற ரயில் ரகத்தின் நீண்ட மூக்கு மீன்கொத்தியின் அலகைப் பார்த்து வந்ததுதான்.

கேள்வி: எந்த சாஃப்ட்வேரில் தொடங்கலாம்?

கல்லூரியில் எது இருக்கிறதோ அது. முதலில் அட்டை, கத்தி, ஸ்கேல்.

கேள்வி: நடக்கும் பொம்மையின் அளவுகளைத் தருவீர்களா அக்கா? நானும் தம்பியும் செய்யப் போகிறோம்.

என் அளவுகள் உங்கள் அட்டைக்கும் கட்டைக்கும் ஒத்துவராது. இரண்டு பாதங்களுக்கும் நடுவே இடைவெளியைக் குறைவாக வையுங்கள், கால் அச்சில் இறுக்கமில்லாமல் ஆடட்டும். சரிவுக்கு ஒரு பலகையும், அடியில் அண்டக் கொடுக்கப் புத்தகங்களும் போதும், ஒவ்வொன்றாக உயர்த்திப் பாருங்கள். விழுந்தால் அதையும் வீடியோ எடுத்து அனுப்புங்கள். எந்தப் பக்கம் விழுகிறது என்று தெரிந்தால் எங்கே தேய்ப்பது என்று சொல்லிவிடுவேன்.