சொந்தக் கவலைகளை எழுதலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: வேலை, குடும்பம், பணம் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏதோ ஒரு சிக்கல். மனம்விட்டுப் பேச ஆளில்லை. வாழ்க்கையைப் பற்றித் தோன்றுவதையெல்லாம் எழுதி, பிறரும் படிக்கும்படி வெளியிடலாமா என்று நினைக்கிறேன். ஆனால் உட்கார்ந்தால் முதல் வரிக்கு மேல் ஓடுவதில்லை. ஓடினாலும் வெறும் புலம்பலாகவே வருகிறது. எங்கிருந்து தொடங்குவது? (பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: தாராளமாக எழுதுங்கள். எழுதுவதையும் வெளியிடுவதையும் ஒரே வேலையாக நினைத்துக்கொண்டு உட்காருவதால்தான் கை ஓடவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. யாரோ படிக்கப்போகிறார்கள் என்ற நினைப்பு வந்துவிட்டால், நடந்ததைச் சொல்வதற்கு முன்பே நம் பக்கத்து நியாயத்தை அடுக்கத் தொடங்கிவிடுகிறோம். அண்ணன் சொன்ன சுடுசொல் எழுத்துக்கு எழுத்து நினைவுக்கு வரும், அதற்கு முன் நாம் சொன்னது மட்டும் மறந்துபோகும். ஆகவே முதல் பிரதியை உங்களுக்காக மட்டுமே எழுதுங்கள். அதில் இலக்கணம் பார்க்க வேண்டாம், அழகு பார்க்க வேண்டாம், நல்லவராகத் தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

இதில் பயன் உண்டா என்ற கேள்வியை உளவியலார் ஆராய்ந்திருக்கிறார்கள். ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர், சாண்ட்ரா பீல் என்பவருடன் சேர்ந்து 1986-இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் தொடர்ந்து 4 நாட்கள், நாளொன்றுக்கு 15 நிமிடங்கள் எழுதினார்கள். ஒரு பிரிவினருக்குச் சாதாரணமான விஷயங்கள் தலைப்பாகத் தரப்பட்டன. மற்றவர்கள் தங்கள் வாழ்வில் மனத்தை மிகவும் வருத்திய நிகழ்வை எழுதினார்கள். அவர்களிலும் நிகழ்ச்சியையும் அதனால் எழுந்த உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்து வந்த மாதங்களில் மருத்துவ உதவி நாடிச் சென்றது குறைவாக இருந்தது. ஆனால் எழுதி முடித்த அந்த வேளையில் அவர்களுடைய மனநிலை முன்பைவிட மோசமாகத்தான் இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். முதல் நாள் எழுதிவிட்டு நெஞ்சு கனத்துப்போனால், நமக்கு இது ஒத்துவராது என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். பிற்பாடு நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது சராசரிப் பலன் சிறியது என்றே தெரியவந்தது. அதனால் இதை மருந்தாக எண்ணிவிடவும் கூடாது.

புலம்பல் என்று உங்கள் எழுத்தை நீங்களே குறைத்துக்கொள்கிறீர்கள். புலம்பலில் தவறில்லை, அது ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருப்பதுதான் சிக்கல். எழுதியவர்கள் கையாண்ட சொற்களைப் பின்னாளில் ஆராய்ந்தபோது, நாளுக்கு நாள் காரணம் தேடும் சொற்களும், ‘இப்போது புரிகிறது’ என்பது போன்ற தெளிவு காட்டும் சொற்களும் கூடிக்கொண்டே வந்தவர்களே அதிகப் பயன் பெற்றார்கள் என்று பென்னிபேக்கர் கண்டார். உங்கள் குறிப்பையும் அந்தக் கண்ணோடு படித்துப் பாருங்கள். ‘என்னை யாரும் மதிப்பதில்லை’ என்று ஒரு வரி எழுதியிருந்தால், அதை அடிக்காமல், அப்படித் தோன்றிய ஒரே ஒரு பொழுதை அதன்கீழ் எழுதுங்கள்: ‘இரவு எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். வேலையை விட்டுவிடலாம் என்றிருக்கிறேன் என்று சொன்னேன். கணவர் கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல், சரி என்றார். மகள் தண்ணீர் கேட்டாள். நான் எழுந்து எடுத்துவரப் போனேன்.’ இப்படி எழுதியதும் கேள்விகள் தாமாக எழும். அவர் காதில் அது விழுந்ததா? நான் ஏன் மறுபடி சொல்லவில்லை? தண்ணீர் எடுக்கப் போனது எனக்கே ஒரு சாக்காக இருந்ததா? முதல் வரியில் தீர்ப்பு மட்டுமே இருந்தது. நீங்கள் யோசிக்க வேண்டியதெல்லாம் இந்த நான்கைந்து வரிகளில் இருக்கிறது. படிக்கிறவருக்கும் இதில்தான் இடமிருக்கிறது, ஏனென்றால் அவரவர் வீட்டுச் சாப்பாட்டு நேரம் அவரவருக்கு நினைவுக்கு வரும்.

கேள்வி: என் துயரத்தில் வேறு பலரும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி எழுதி வெளியிட எனக்கு உரிமை இருக்கிறதா? (ஒரு வாசகர்)

பதில்: இது எழுதுகிற ஒவ்வொருவரும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. இரண்டாம் உலகப் போரின்போது நாஜிகளிடமிருந்து தப்பக் குடும்பத்தோடு ஒளிந்து வாழ்ந்த யூதச் சிறுமி ஆன் ஃபிராங்க் 1942 ஜூனில் நாட்குறிப்பு எழுதத் தொடங்கியது தனக்காகத்தான். போர்க்கால நாட்குறிப்புகளும் கடிதங்களும் பிற்பாடு திரட்டப்பட வேண்டும் என்று நாடுகடந்த நெதர்லாந்து அரசின் அமைச்சர் ஒருவர் 1944 மார்ச் மாதம் வானொலியில் பேசியதைக் கேட்ட பிறகு, வெளியிடும் எண்ணத்தோடு அதே குறிப்புகளைத் தனித்தாள்களில் திருத்தி எழுதத் தொடங்கினாள். சிலவற்றை நீக்கினாள், சிலவற்றைச் சுருக்கினாள், உடன் ஒளிந்திருந்தவர்களுக்கு மாற்றுப்பெயர்களையும் குறித்துவைத்தாள். தனக்கான பிரதி வேறு, பிறருக்கான பிரதி வேறு என்பது, உயிருக்கு அஞ்சி ஒளிந்திருந்த, 15 வயதுகூட நிரம்பாத ஒரு சிறுமிக்குத் தெரிந்திருந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கிறது.

பெயரை மாற்றினால் மட்டும் போதாது. உங்கள் உறவினர்கள் ‘என் மூத்த அக்கா’ என்ற சொல்லிலேயே ஆளை அடையாளம் கண்டுகொள்வார்கள். நோய், கடன், மணமுறிவு, பிள்ளைகளின் படிப்பு ஆகியவை யாருடையவையோ அவர்களிடம் கேட்டுவிட்டே எழுத வேண்டும். சிறு பிள்ளைகளைப் பொறுத்தவரை, அவர்கள் சம்மதித்தாலும் எழுத வேண்டாம் என்றே சொல்வேன், வளர்ந்தபின் அந்தச் சம்மதத்தை அவர்களால் திரும்பப் பெற முடியாது. சண்டை நடந்த இரவிலேயே எதையும் வெளியிடாதீர்கள். குறிப்பிட்டவர் உங்கள் எதிரில் உட்கார்ந்து அதை வாசிப்பதாக எண்ணிப் பாருங்கள். எந்த வரியில் உங்களுக்குக் கூசுகிறதோ, அது ஒன்று பொய்யாக இருக்கும், அல்லது அவருக்கு மட்டுமே உரியதாக இருக்கும்.

கேள்வி: ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்ப எழுதுகிறேன். எனக்கே சலிக்கிறது. நிறுத்திவிடலாமா? (ஒரு வாசகி)

பதில்: ரோமப் பேரரசர் மார்க்கஸ் அரேலியஸ், போர் முகாம்களில் இருந்த காலத்திலும் தனக்கென்று எழுதிவைத்த குறிப்புகள் இன்று 12 பகுதிகளாகக் கிடைக்கின்றன. கோபத்தை அடக்குவது, சாவை ஏற்பது, பிறர் புகழ்ச்சியைப் பொருட்படுத்தாமலிருப்பது என்று அதே சில விஷயங்களை அவர் மீண்டும் மீண்டும் தமக்கே சொல்லிக்கொள்கிறார். பேரரசருக்கே ஒருமுறை எழுதியது போதவில்லை. திரும்ப எழுதுவதற்காக நீங்கள் வருந்த வேண்டியதில்லை. ஒவ்வொரு குறிப்பின் தலையிலும் தேதி போட்டுவைத்து, சில மாதங்கள் கழித்து வரிசையாகப் படித்துப் பாருங்கள். விஷயம் ஒன்றாக இருந்தும் சொல்லும் விதம் மாறியிருந்தால் தொடருங்கள். சொல்லும் மாறாமல், எழுதிய இரவுகளில் தூக்கமும் போய்க்கொண்டிருந்தால், அதை எழுதுவதைச் சிறிது காலம் நிறுத்திவிட்டு, நம்பிக்கையான ஒருவரிடமோ மனநல ஆலோசகரிடமோ வாய்விட்டுப் பேசுங்கள். வாழ்வதே வேண்டாம் என்ற எண்ணம் குறிப்புகளில் தலைகாட்டினால் சில மாதங்கள் என்ற கணக்கே வேண்டாம்; அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள், அந்தப் பக்கத்தையே அவரிடம் காட்டினாலும் போதும், உங்களால் சொல்ல முடியாததை அது சொல்லிவிடும்.