மும்பையிலிருந்து துபாய் எவ்வளவு தூரம், விமானத்தில் எத்தனை மணி நேரம்?

நேர்க்கோட்டில் சுமார் 1,930 கி.மீ. டிக்கெட்டில் காலை 10:00 கிளம்பி 11:45-க்கு இறங்குவதாகப் போட்டிருந்தால், ஒன்றேமுக்கால் மணி நேரப் பயணம் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டும் அந்தந்த ஊர் நேரம். துபாய் நமக்கு ஒன்றரை மணி பின்னால். அதைக் கூட்டினால் 3 மணி 15 நிமிடம். திரும்பும்போது அதே ஒன்றரையைக் கழியுங்கள், ஏறக்குறைய 3 மணி வரும். உயரத்தில் வீசும் மேற்குக் காற்று போகையில் எதிர்க்கும், வருகையில் தள்ளிவிடும். குளிர்காலத்தில் இது அதிகம், மழைக்காலத்தில் காற்று வடக்கே நகர்ந்துவிடுவதால் வித்தியாசம் குறையும்.

ஆனால் சேமித்த நேரத்தை மும்பையே விழுங்கிவிடலாம். இங்கே இரு ஓடுபாதைகளும் குறுக்கே வெட்டிக்கொள்வதால் ஒரு நேரத்தில் ஒன்றில்தான் இறக்குவார்கள். நெரிசலில் வானிலேயே சுற்ற வேண்டியிருக்கும். தாராவியிலிருந்து சஹார் விமான நிலையத்துக்கு அழைக்க வருபவரிடம் அரை மணி கூட்டியே சொல்லுங்கள்.