ஒரே ஒரு பையன் (வாசகர் கடிதமும் பதிலும்)

வணக்கம் சார். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டுக்குப் பாடம் எடுக்கிறேன். ஒரு பையன் பாட நேரத்தில் அடிக்கடி எழுந்து ஓடுவான். முதல் இரண்டு வாரம், உட்கார்ந்திருந்தால் நட்சத்திரம் ஒட்டினேன். அடுத்த இரண்டு வாரம், பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை நானே அவனை எழுந்து நடக்க விட்டேன். இரண்டாவதில்தான் ஓட்டம் குறைந்தது. "ஒரே பையனை வைத்து எப்படிச் சொல்ல முடியும்?" என்கிறார்கள் சக ஆசிரியர்கள்.

அன்புள்ள டீச்சர்,

ஒரே பையனை வைத்துச் சொல்லலாம். நடத்தை ஆய்வில் அவனை அவனோடேயே ஒப்பிடுவார்கள். சிக்கல் நீங்கள் செய்த வரிசையில் இருக்கிறது.

என் அம்மா பால் வெட்டியவர். ரப்பர் மரம் இலை உதிர்க்கும் மாதங்களில் பால் குறையும். துளிர்த்தபின் தானாக ஏறும். அந்த நேரம் பார்த்துப் பட்டையில் மருந்து பூசினால், ஏறியது மருந்தாலா காலத்தாலா? உங்கள் மூன்றாவது வாரமும் அப்படித்தான். பையன் உங்களிடம் பழகியிருக்கலாம். நட்சத்திரத்தின் பலன் தாமதமாக வந்திருக்கலாம்.

இரண்டையும் நாள் மாற்றி நாள் செய்யுங்கள். நடத்தை ஆய்வாளர்கள் பார்லோவும் ஹேய்ஸும் 1979இல் விளக்கிய முறை இது. முதலில் சில நாள் எதுவும் செய்யாமல் அவன் எழுவதை எண்ணுங்கள். அப்புறம் தினமும் சீட்டுப் போட்டு எந்த முறை என்று முடிவு செய்யுங்கள். ஒரே முறை மூன்று நாள் தொடர்ந்து வர விடாதீர்கள். பாடவேளை மாறக்கூடாது. நட்சத்திர நாளில் மேசைமேல் சிவப்பு அட்டை, நடக்கும் நாளில் நீல அட்டை வையுங்கள். இன்று எது என்று அவனுக்குத் தெரிய வேண்டும். முறைக்கு ஐந்து நாளாவது வேண்டும்.

எதை எண்ணுகிறீர்கள் என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. நீங்களே நடக்கச் சொன்னதை 'எழுந்தான்' என்று எழுதினால் நீல நாளுக்கு அநியாயம். நடக்கும் நிமிடங்களைக் கழிக்காவிட்டால் சிவப்பு நாளுக்கு அநியாயம், நீல நாளில் அவன் உட்காரவேண்டிய நேரமே குறைவு அல்லவா? அனுமதியில்லாமல் எழுந்ததை மட்டும், உட்காரவேண்டிய நிமிடங்களால் வகுத்து எழுதுங்கள். ஐந்தில் ஒரு நாளாவது இன்னொரு ஆசிரியரும் தனியாக எண்ணட்டும். இருவர் கணக்கும் 80 விழுக்காடாவது ஒத்துப்போக வேண்டும்.

ஒவ்வொரு முறையின் நாள் கணக்கையும் ஒரு கோடாக, இரண்டையும் ஒரே தாளில் வரையுங்கள். விலகியே போனால், கீழே இருப்பது அவனுக்கு ஏற்றது. பின்னிக்கொண்டால் வித்தியாசம் தெரியவில்லை என்றே எழுதுங்கள். ஒன்று தெளிவாக வென்றால் கடைசியில் அதை மட்டும் சில நாள் செய்யுங்கள். தனியாகவும் நிற்கிறதா என்று தெரிந்துவிடும். அடுத்த பையனுக்கும் அதுவே சரிவரும் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அவனுக்குத் தனித் தாள் போடுங்கள்.

பள்ளி விடுமுறை நடுவில் வராத வாரமாகப் பார்த்துத் தொடங்குங்கள். தாளைப் படமெடுத்து அனுப்புங்கள், பையன் பெயரை மறைத்துவிட்டு.