சுமக்காத தூண்கள்

அன்புள்ள அக்கா,

நானும் மனைவியும் சென்னையில் இருபது வருடம் வேலை பார்த்தாயிற்று. இப்போது சிங்கம்புணரி பக்கம், அம்மா பிறந்த ஊருக்கு அடுத்த ஊரில், ஒன்றரை ஏக்கர் வாங்கி வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். சுவர் எழும்பிவிட்டது. கிராமத்து வீடு கிராமத்து வீடாகவே இருக்க வேண்டும் என்பது எங்கள் ஆசை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போய் நிலையோடு ஒரு தேக்குக் கதவு, இரண்டு தூண்கள், ஊஞ்சல் பலகை, உருளி, ஈயச்சொம்பு, பித்தளை அண்டா, பழைய எனாமல் கேரியர் எல்லாம் வாங்கிவிட்டோம். அம்மா வீட்டுக் கொல்லையில் கிடந்த ஆட்டுக்கல்லில் பூச்செடி வைக்கவும், ஒரு பழைய ஏரைக் கூடத்துச் சுவரில் மாட்டவும் யோசனை.

அம்மா சிரிக்கிறார்கள். "இதெல்லாம் எப்படா ஒழியும்னு கெடந்தோம். நீ காசு குடுத்து வாங்கிட்டு வர்ற" என்கிறார்கள். டைல்ஸும் கிரானைட்டும் போட்டு வீடு கட்டும் பக்கத்துக் காட்டுக்காரர், "பணம் பத்தலையா தம்பி?" என்று அக்கறையாக விசாரிக்கிறார். நாங்கள் செய்வது வெறும் வேஷம்தானா? கடைக்காரர் இன்னும் நான்கு தூண்களும் ஒரு மரச்சிற்பமும் எடுத்து வைத்திருக்கிறார். வாங்கலாமா?

ஆர்., சென்னை

அன்புள்ள தம்பி,

அம்மா சிரிப்பதில் நியாயம் இருக்கிறது. விடிவதற்கு முன்னால் எழுந்து அந்த ஆட்டுக்கல்லில் மாவாட்டியவர் அவர். கிரைண்டர் வந்து கல் கொல்லைக்குப் போன நாள் அவருக்கு நல்ல நாள். தோள்வலி அவருக்கு, அழகு உங்களுக்கு என்றால் சிரிக்காமல் என்ன செய்வார்? அதற்காக நீங்கள் கூச்சப்பட வேண்டியதில்லை. பழைய சாமான் பிடித்திருக்கிறது, வாங்குகிறீர்கள். இதில் வேஷம் எதுவும் இல்லை. எனக்குள்ள சந்தேகம் வேறு. கிராமத்து வீட்டுக்கென்று நீங்கள் வாங்கிய பட்டியலில் பாதி கிராமத்துப் பொருளே இல்லை.

அந்தத் தெருவில் என்னென்ன விற்கிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள். தூணும் கதவும் பர்மாத் தேக்கு, கப்பலில் வந்தது. ஆளுயரக் கண்ணாடி பெல்ஜியத்திலிருந்து. பூப்போட்ட சுவர் ஓடு ஜப்பானிலிருந்து. எனாமல் பாத்திரங்களில் நல்லவை பல ஸ்வீடனில் செய்தவை. ரங்கூனிலும் மலாயாவிலும் இலங்கையிலும் சைகோனிலும் வட்டிக்கடை வைத்திருந்த நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், தங்கள் ஊரில் கட்டிய வீடுகளிலிருந்து வந்தவை இவை. அந்தக் காலத்தில் உலகச் சந்தையில் கிடைத்த உயர்ந்த சரக்கைக் கொண்டுவந்து பொட்டல் காட்டில் இறக்கி வைத்தார்கள். பட்டிக்காட்டு எளிமைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

அது ஏன் இன்று தெருவில் விற்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 1930களின் பெருமந்தத்தில் நெல் விலை விழுந்தது. கடனைத் திருப்ப முடியாத பர்மிய விவசாயிகளின் நிலம் செட்டியார் கைக்கு வந்து சேர்ந்தது. அந்தப் பத்தாண்டின் முடிவில் கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால்வாசி நிலம் அவர்களிடம் இருந்தது. பணமாகத் திரும்பி வர வேண்டியது மண்ணாக மாட்டிக்கொண்டது. 1942இல் ஜப்பானியர் உள்ளே வந்தார்கள். 1948இல் பர்மா விடுதலை பெற்றதும் நிலச் சீர்திருத்தம் வந்தது. மிச்சம் இருந்ததும் போனது. இங்கே அறுபது எழுபது அறைகளோடு நின்ற வீடுகளுக்கு வரும்படி இல்லை. தலைமுறைக்குத் தலைமுறை பங்காளிகள் பெருகினார்கள். ஒரு வீட்டுக்கு இருபது முப்பது உரிமைக்காரர்கள், ஆளுக்கொரு ஊரில். ஒழுகும் ஓட்டை மாற்றக்கூட எல்லோரும் சம்மதிக்க வேண்டும். கடைசியில் வீட்டை மொத்தமாகப் பேசி, பிரித்து, மரத்தைக் கன அடிக் கணக்கில் விற்றுவிடுகிறார்கள். உங்கள் கதவு வந்த வழி பெரும்பாலும் இதுதான். செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. பிரிப்பதும் இன்னொரு பக்கம் நடந்துகொண்டே இருக்கிறது.

நீங்கள் வாங்காவிட்டால் அந்த வீடு நின்றிருக்காது, வேறொருவர் வாங்கியிருப்பார் என்பது எனக்கும் தெரியும். குற்றம் சொல்வதற்காக எழுதவில்லை. எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் எப்படி வைப்பது என்பதும் தெரியும்.

உங்கள் அம்மாவின் ஊரில் குடியானவர் வீட்டில் என்ன இருந்திருக்கும்? மண்சுவர், பனை விட்டம், நாட்டு ஓடோ பனையோலையோ, சாணி மெழுகிய தரை, நெல் கொட்டி வைக்க மண் குலுக்கை, உறி, முறம், கயிற்றுக் கட்டில். இதில் எதுவும் கடைக்கு வராது. ஓலை மக்கிவிட்டது, குலுக்கை கரைந்துவிட்டது, கட்டில் அடுப்புக்குப் போய்விட்டது. வசதியானவர்களின் பொருள்தான் காலத்துக்கும் நின்றது. அதனால் அதுவே "கிராமத்துப் பழமை" என்று பெயர் வாங்கிவிட்டது. ஏழை வீட்டுப் பழமையில் கல் மட்டும்தான் மிச்சம். உங்களிடம் உள்ளதில் அம்மாவின் ஆட்டுக்கல் ஒன்றுதான் அசல் கிராமத்துச் சாமான். அதையும் பூத்தொட்டி ஆக்கப் பார்க்கிறீர்கள்!

சரி, வாங்கியதை என்ன செய்வது? கதவிலிருந்து தொடங்குகிறேன்.

செட்டிநாட்டு வீட்டில் செதுக்கு வேலைப்பாடுள்ள அந்தக் கதவு வெயிலையும் மழையையும் நேராகப் பார்த்ததே இல்லை. முகப்பு, திண்ணை, அதற்குமேல் ஆழமான கூரை, இவ்வளவுக்கும் பின்னால் நிழலில் நின்றது. புதிதாகக் கட்டுகிறவர்கள் அதைக் கொண்டுபோய் வெளிச்சுவரில், மேலே இரண்டடி சன்ஷேடு கூட இல்லாமல் பொருத்துகிறார்கள். பர்மாத் தேக்கானாலும் மேற்கு வெயிலும் ஐப்பசி மழையும் மாறி மாறி அடித்தால் பலகை பிளக்கும், இணைப்பு விடும். கதவுக்கு முன்னால் ஆறடியாவது தாழ்வாரம் இறக்குங்கள். முடியாது என்றால் கதவைக் கூடத்துக்கும் உள்ளறைக்கும் நடுவே வையுங்கள். பழைய கதவுகளில் பல கீல் இல்லாமல் குடுமியில், அதாவது கதவின் மேலும் கீழும் நீட்டிக்கொண்டிருக்கும் மர முனையில், சுழல்பவை. உங்களுடையது அப்படியா என்று பார்த்து, குடுமிக் குழியைத் தச்சர் முன்கூட்டியே அளந்துகொள்ள வேண்டும். குடுமியை அறுத்துவிட்டுக் கீல் போடலாம் என்று சொல்லும் தச்சரை மாற்றுங்கள்.

கதவில் பழைய பெயின்ட் இருந்தால் கவனம். வீட்டுப் பெயின்டில் காரீயத்தின் (lead) அளவை 90 பிபிஎம்முக்குள், அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்குள், வைக்க வேண்டும் என்ற விதி இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய பெயின்டில் எவ்வளவு இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? காய்ந்தபடியே உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அந்தத் தூசி குழந்தைகளுக்கு விஷம். நனைத்துச் சுரண்டச் சொல்லுங்கள், வீட்டுக்கு வெளியே, முகமூடியோடு. சுரண்டியதை வழித்துக் கட்டி அப்புறப்படுத்துங்கள், தோட்டத்து மண்ணில் கொட்டாதீர்கள்.

தூண்கள். இதில்தான் எனக்குக் கோபம் வரும். கான்கிரீட் கூரையைக் கம்பி கட்டிய பில்லர்கள் தாங்கிக்கொண்டிருக்கும், அதற்குக் கீழே ஒரு தேக்குத் தூண் சும்மா நிற்கும். கல்யாண மண்டபத்து வாழைமரம்கூட அதைவிட அர்த்தத்தோடு நிற்கிறது. அந்தத் தூண்கள் வளவை, அதாவது வீட்டின் நடுமுற்றத்தை, சுற்றி நின்று ஓட்டுக் கூரையைச் சுமந்தவை. அடியில் கல் இருக்கும். கல்மேல் நின்றால்தான் ஈரம் ஏறாது, கரையான் தரையிலிருந்து நேராக மரத்துக்கு வராது. சிமென்ட் தரைக்குள் நேராகப் புதைத்தால் அடிமரம் உளுத்துப்போகும். உங்கள் இரண்டு தூண்களுக்கும் கல் வாங்கி, முன்தாழ்வாரத்து ஓட்டுக் கூரையின் பாரத்தை உண்மையாகவே அவற்றின்மேல் இறக்குங்கள்.

தேக்குதானா என்று கேட்டு எழுதவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன், ஏமாறுகிறவர்கள் நிறைய. தேய்மானத்தைப் பாருங்கள். கை படும் இடத்தில், கால் படும் இடத்தில், நாதாங்கி உரசும் இடத்தில் தேய்ந்திருந்தால் அது வாழ்ந்த சாமான். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி தேய்ந்திருந்தால் போன மாதம் தேய்த்தது. இணைப்பில் மர ஆணியா, ஸ்க்ரூவா என்று பாருங்கள். கண்ணில் படாத ஒரு மூலையில் லேசாகச் சுரண்டி மோந்து பாருங்கள். பழந்தேக்கில் எண்ணெயும் தோலும் கலந்த ஒரு வாசம் இருக்கும். சாயம் ஏற்றிய மாமரத்தில் வார்னிஷ் வாசம்தான் வரும். சிறு துளைகளுக்குக் கீழே புதிதாக மாவு உதிர்ந்திருந்தால் வண்டு இன்னும் உள்ளே இருக்கிறது, வீட்டுக்குள் விடாதீர்கள்.

அடுக்களைச் சாமான்களில் அண்டா தண்ணீருக்கு உதவும். அதிலோ வேறு பித்தளையிலோ சமைக்க நினைத்தால், புளி சேரும் எதற்கும் உள்ளே வெள்ளீயம் (tin) பூசியே ஆக வேண்டும். நவச்சாரம் போட்டுப் பூசத் தெரிந்த ஆள் இப்போது அரிது, கிடைத்தால் மொத்தமாகக் கொடுத்துப் பூசிவிடுங்கள். ஈயச்சொம்பு விஷயத்தில் மட்டும் ஆசைப்படாதீர்கள். ரசம் வைக்க ஏற்றது சுத்தமான வெள்ளீயம். பழைய சொம்பில் காரீயம் கலந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சோதனைக்குக் கொடுக்காமல் அடுப்பில் ஏற்றவே வேண்டாம். வெள்ளீயமே ஆனாலும் 232 டிகிரியில் உருகிவிடும், காலிச் சொம்பை அடுப்பில் வைத்துவிட்டுப் போன் பேசப் போனால் திரும்பி வரும்போது சொம்பு இருக்காது. எனாமல் கேரியர் உள்பக்கம் உதிர்ந்திருந்தால் அலமாரியில் இருக்கட்டும்.

உருளியில் தண்ணீர் ஊற்றிப் பூ மிதக்கவிடுவது இப்போது எல்லா வீட்டிலும் நடக்கிறது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. டெங்கு கொசு முட்டையிட அதைவிட நல்ல இடம் கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வாரம் தவறாமல் கொட்டித் தேய்த்துக் கழுவ முடியுமானால் வையுங்கள். ஆட்டுக்கல் குழிக்கும் இதே கதைதான். அடியில் துளை கிடையாது, செடியின் வேர் அழுகும், மழைத் தண்ணீர் தேங்கும். துளை போடலாமே என்பீர்கள். போடாதீர்கள். கல் கொத்துகிறவரைக் கூப்பிட்டுக் கொத்தவைத்து, பின்கட்டில் நிழலான இடத்தில் போடுங்கள். தினமும் ஆட்ட வேண்டாம். தீபாவளிக்கு உளுந்து ஆட்டுங்கள், விருந்தாளி வந்தால் தேங்காய்ச் சட்னி அரையுங்கள். எந்தப் பக்கம் போட்டால் உட்கார்ந்து அரைக்க வாகாக இருக்கும் என்று அம்மாவிடம் கேளுங்கள். சிரித்தாலும் சொல்வார்.

ஏரைச் சுவரில் மாட்டுவது எனக்குப் பிடிக்காது. காரணம் கேட்டால் சொல்லத் தெரியவில்லை, ஒன்றரை ஏக்கர் வைத்துக்கொண்டு அதை மாட்டி வைக்காதீர்கள்.

பழையதுதான் கிராமம் என்ற எண்ணத்தையும் கொஞ்சம் தளர்த்துங்கள். நீங்கள் குடியேறப்போகும் சிங்கம்புணரியே கயிறு திரிக்கும் ஊர். ஒரு மரச்சட்டம் செய்து, அங்கே கயிறு வாங்கிக் கட்டில் பின்னச் சொன்னால் கடையில் விற்கும் எந்தப் பழைய கட்டிலைவிடவும் அது உங்கள் ஊர்க் கட்டில். மண்பானைக்கு மானாமதுரை உங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. தரைக்கு ஆத்தங்குடிக் கல் போடுங்கள். கண்ணாடிமேல் சாயக் கலவையை ஊற்றி, மணலும் சிமென்டும் இட்டு, சூளையில் வைக்காமல் தண்ணீரில் ஊறவைத்து இன்றும் கையால் செய்கிறார்கள். போட்ட புதிதில் மங்கலாகத்தான் இருக்கும். தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்து, நடக்க நடக்க மினுங்கும். பக்கத்துக் காட்டுக்காரர் அப்போது வந்து என்ன விலை என்று கேட்பார்.

மரச்சிற்பம் எது என்று நீங்கள் எழுதவில்லை. தேரிலிருந்தோ வாகனத்திலிருந்தோ பெயர்த்ததாக இருந்தால் அது ஏதோ ஒரு கோயிலின் சொத்து, தொடாதீர்கள். வேறு எதுவானாலும், நூறு ஆண்டைக் கடந்த கலைப்பொருள் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்குள் வருகிறது. அதை வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும், பல வகைச் சிற்பங்களுக்குப் பதிவும் கட்டாயம். உரிமத்தைக் காட்டி, எங்கிருந்து வந்தது என்று ரசீதில் எழுதித் தருவாரா என்று கேளுங்கள். "அதெல்லாம் எதுக்கு சார்" என்றால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

நான்கு தூண்களுக்கு முன்பணம் கொடுக்கும் முன் கொத்தனாரோடு உட்கார்ந்து பேசுங்கள். தாழ்வாரத்தை வீட்டின் இரண்டு பக்கமும் சுற்றிக்கொண்டு போய் ஓட்டுக் கூரை இறக்கலாம் என்றால் வாங்குங்கள், வேலை இருக்கிறது. இல்லையென்றால் வேண்டாம். அவரிடம் பேசும்போதே ஊஞ்சல் எங்கே என்பதையும் முடிவு செய்துவிடுங்கள். கொக்கிகள் கூரையின் கம்பியோடு சேர்த்துக் கான்கிரீட் போடும்போதே இறங்க வேண்டும், அப்புறம் துளை போட்டு மாட்டியது நான்கு பேர் ஆடினால் தாங்கும் என்று நம்ப முடியாது. சுவர் எழும்பிவிட்டது என்கிறீர்கள், அதனால் இந்த வாரமே பேசுங்கள்.

அன்புடன்,
அக்கா