ஆவுளியா பற்றிய உரைக்கு மீனவர்கள் வராதது குறித்து

வணக்கம். ஆவுளியா எனப்படும் கடற்பசு பற்றிய ஆய்வு குறித்துத் தங்கள் கல்லூரியில் நடந்த பொது உரைக்கு மாணவர்களைத் தவிர ஒருவரும் வரவில்லை என்றும், அடுத்த முறை மண்டபம், கீழக்கரை ஆகிய ஊர்களின் மீனவர்களை வரவழைப்பது எப்படி என்றும் கேட்டிருந்தீர்கள்.

முதலில் நாளை மாற்றுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுத் தொழிலாளர்கள் கரையில் இருப்பார்கள். நாட்டுப்படகு மீனவர்களுக்கு அந்தத் தடை இல்லையாதலால், அவர்களுக்கு ஏற்ற நேரத்தை ஊர்த் தலைவர்களிடம் கேட்டே முடிவு செய்யுங்கள். கடற்பாசி எடுக்கும் பெண்களைத் தனியாகச் சென்று அழையுங்கள்.

அதைவிட முக்கியமானது பேச்சின் தொடக்கம். 2001இல் கடல் அட்டை பிடிப்பது தடை செய்யப்பட்டது முதல், ஆய்வு என்றாலே அடுத்த தடை வருகிறதோ என்ற அச்சம் இக்கரையில் பலருக்கு உண்டு. அது நியாயமான அச்சம் என்றே நான் கருதுகிறேன். ஆகவே, அவர்கள் சொல்லும் ஆவுளியா என்ற பெயரிலேயே தொடங்கி, அது மேயும் கடற்புல்லில்தான் இறாலும் நண்டும் மீன்குஞ்சுகளும் வளர்கின்றன என்பதையும், வலையில் சிக்கினால் மூச்சுவிட மேலே வர இயலாமல் அது இறந்துவிடுகிறது என்பதையும் பேச்சாளர் விளக்கட்டும். பிறகு ஒலிவாங்கியை மீனவர்களிடம் கொடுத்துவிட்டு, எந்த இடத்தில், எந்தப் பருவத்தில் ஆவுளியாவைக் கண்டார்கள் என்று அவர்கள் சொல்வதைப் பேராசிரியரே உட்கார்ந்து குறித்துக்கொள்ளட்டும்.