ஆர்பக்கிள்: கோர்ட் விட்டுச்சு, ஹாலிவுட் விடல

கேள்வி: மௌனப் பட காலத்துல ஒரே ஒரு வழக்கால மொத்த கரியரும் போன காமெடி நடிகர் யாரு? அவரு நிஜமாவே தப்பு பண்ணாரா?

ரோஸ்கோ ஆர்பக்கிள். போஸ்டர்ல எல்லாம் "ஃபேட்டி"ன்னு தான் இருக்கும், ஆனா அந்தப் பேர் அவருக்குக் கொஞ்சமும் பிடிக்காது, நெருங்கினவங்க யாரும் அப்படிக் கூப்பிட மாட்டாங்க, அதனால நானும் ரோஸ்கோன்னே எழுதறேன். ரெண்டாவது கேள்விக்குப் பதில் முதல்லயே சொல்லிடறேன். கோர்ட் அவரை நிரபராதின்னு விடுதலை பண்ணிச்சு. ஏதோ ஆதாரம் பத்தல, சந்தேகத்தோட பலன்னு சொல்லி விட்ட கேஸ் இல்ல இது, உங்களுக்குப் பெரிய அநியாயம் நடந்துபோச்சுன்னு ஜூரியே தனியா எழுதிக் குடுத்துட்டுப் போனாங்க. அதுக்கப்புறம் ஆறே நாள்ல சினிமாவுல இருந்து அவரைத் தூக்கிட்டாங்க. "ஸ்கேண்டலால அழிஞ்சார்"னு எல்லாரும் ஒரே வரியில எழுதிட்டுப் போறப்ப இந்த ஆறு நாள் கணக்கு விட்டுப்போயிடுது, எனக்கு ஆத்திரம் வர்றது அங்கதான்.

முதல்ல ஆளு யாருன்னு தெரியணும், இல்லன்னா என்ன போச்சுன்னே புரியாது. 1887ல கான்சாஸ்ல பொறந்தவரு, சின்ன வயசுலயே மேடை, பாட்டு, டான்ஸ்னு சுத்திட்டு 1913ல மேக் சென்னட்டோட கீஸ்டோன்ற காமெடிப் படக் கம்பெனிக்கு வந்தாரு. எனக்கு இவர் அறிமுகமானது அதே காலத்து இன்னொரு பெரிய காமெடி நடிகர் பஸ்டர் கீட்டன் மூலமாத்தான், கீட்டன் படமா தேடித் தேடி பாத்துட்டு அவரோட முதல் படம் எதுன்னு போனா அது 1917ல வந்த "தி புட்சர் பாய்", அதுல ஹீரோவும் டைரக்டரும் ரோஸ்கோ. கீட்டனை முதமுதலா கேமரா முன்னாடி நிறுத்தினவரே இவருதான். கீட்டனும் கடைசி வரைக்கும் அத மறக்கல.

சாப்ளின் "தி கோல்டு ரஷ்"ல ரெண்டு ஃபோர்க்ல ரெண்டு பன்னைக் குத்தி, அத காலு மாதிரி டேபிள் மேல ஆட விடுவாரே, உலகமே கொண்டாடுற சீன், அது 1925. அதே சமாச்சாரத்தை 1917லயே "தி ரஃப் ஹவுஸ்"ல ரோஸ்கோ சாப்பாட்டு மேஜையில உக்காந்துக்கிட்டு சில செகண்டு பண்ணிட்டு அடுத்த வேலையைப் பாக்கப் போயிடுவாரு. சாப்ளின் அத வேற உயரத்துக்குக் கொண்டுபோனாரு, அதுல எனக்கு மாற்றுக் கருத்து இல்ல, ஆனா யோசனை எவ்வளவு சாதாரணமா இவர் கையில இருந்து வந்து விழுந்திருக்குன்னு பாருங்க.

இன்னொன்னு சொல்லியே ஆகணும். 1916ல நடிகை மேபல் நார்மண்டோட ஒரு படம், "ஃபேட்டி அண்டு மேபல் அட்ரிஃப்ட்". புதுசா கல்யாணம் ஆன ஜோடி, கடலோரத்துல ஒரு சின்ன வீடு. ராத்திரி மேபல் தூங்கிட்டு இருப்பாங்க, ரோஸ்கோ கட்டில் கிட்ட வர மாட்டாரு, அவரோட நிழல் மட்டும் சுவத்துல மெதுவா நகர்ந்து வந்து குனிஞ்சு அவங்களுக்கு ஒரு முத்தம் குடுக்கும். அடிதடி காமெடிக்குன்னே எடுத்த படத்துக்கு நடுவுல இப்படி ஒரு ஷாட். டைரக்‌ஷன் அவரேதான்.

1921ல பாராமவுண்ட் இவருக்கு வருஷத்துக்கு 10 லட்சம் டாலர்னு காண்ட்ராக்ட் போட்டிருந்தாங்க. அந்த வருஷம் செப்டம்பர்ல லேபர் டே லீவுக்கு நண்பர்களோட சான் பிரான்சிஸ்கோ போயி செயின்ட் பிரான்சிஸ் ஹோட்டல்ல 1219, 1220, 1221னு மூணு ரூம் எடுத்தாரு. செப்டம்பர் 5 அன்னிக்கு பார்ட்டி. மதுவிலக்கு காலம், ஆனா சரக்கு தாராளமா வந்துச்சு, அழைச்சவங்க அழைக்காதவங்கன்னு கூட்டமும் வந்துச்சு. அதுல வர்ஜீனியா ராப்பேன்னு ஒரு நடிகை, 1219ல வலியில துடிச்சாங்க. ரோஸ்கோ கோர்ட்டுல சொன்னது இதுதான்: என் பாத்ரூம் தரையில விழுந்து வாந்தி எடுத்துக்கிட்டு இருந்தாங்க, தூக்கிக் கட்டில்ல படுக்க வெச்சேன், அப்புறம் மத்தவங்களக் கூப்பிட்டேன். ஹோட்டல் டாக்டர் வந்து போதைன்னு நினைச்சுட்டாரு. நாலு நாள் கழிச்சு, செப்டம்பர் 9, ராப்பே இறந்துட்டாங்க. சிறுநீர்ப்பை கிழிஞ்சு வயித்துக்குள்ள சீழ் பிடிச்சு.

பார்ட்டிக்கு ராப்பே கூட வந்த மாட் டெல்மான்ட்ன்ற பெண் ரோஸ்கோ மேல பழி சொன்னாங்க, கொலைப் புகார்ல கையெழுத்தும் போட்டாங்க. டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி, அதாவது அரசுத் தரப்பு வக்கீல், மேத்யூ பிராடி அத வெச்சுத்தான் கேஸை ஆரம்பிச்சாரு. ஆனா மூணு விசாரணை நடந்தும் ஒண்ணுல கூட இந்த டெல்மான்ட்டை அரசுத் தரப்பு சாட்சிக் கூண்டுல ஏத்தவே இல்ல, ஏன்னா அவங்க சொன்னது ஒவ்வொரு வாட்டியும் மாறிச்சு, குறுக்கு விசாரணையில நிக்காதுன்னு பிராடிக்கே தெரியும். புகார் குடுத்த ஆளையே கூப்பிட முடியாத கேஸு ஒரு மனுஷனோட வாழ்க்கையை முடிச்சுது, இத எத்தனை தடவை படிச்சாலும் எனக்கு ஆறல.

பேப்பர்காரங்க, குறிப்பா பெரிய பத்திரிகை முதலாளி ஹெர்ஸ்ட்டோட பத்திரிகைங்க, தினமும் கொட்டை எழுத்துல போட்டுத் தள்ளினாங்க. அவரோட உடம்பு எடையையே ஆயுதம் மாதிரி எழுதினாங்க, நசுக்கிக் கொன்னுட்டான்னு. ராப்பேவை ஒரு பாட்டிலால பலாத்காரம் பண்ணாருன்னு இன்னிக்கும் நெட்ல ஒரு கதை சுத்துது, அத அரசுத் தரப்பு விசாரணையில வாதமா வெக்கவே இல்ல, அது மொத்தமும் வதந்தி. விசாரணை தொடங்குறதுக்கு முன்னாடியே தியேட்டர்கள்ல அவர் படங்களை இறக்கிட்டாங்க. கீழ் கோர்ட்டுல கொலைக் குற்றச்சாட்டு நிக்கல, கொலை நோக்கம் இல்லாம சாவுக்குக் காரணமானதுன்னு (மேன்ஸ்லாட்டர்) குறைச்சு ஜாமீன் குடுத்தாங்க, அதுக்குள்ள மூணு வாரத்துக்குக் கிட்டத்தட்ட ஜெயில்ல இருந்துட்டாரு.

முதல் விசாரணை நவம்பர் 1921. ரோஸ்கோவே கூண்டுல ஏறி பொறுமையா பேசினாரு. ஜூரியில 10 பேர் விடுதலை, 2 பேர் குற்றவாளின்னு நின்னாங்க, முடிவு இல்ல. ரெண்டாவது விசாரணை 1922 ஜனவரியில, இங்க அவரோட வக்கீல் கேவின் மெக்நாப் ரொம்ப தெம்பா இருந்துட்டாரு, கேஸ் நம்ம பக்கம்னு நினைச்சு ரோஸ்கோவைக் கூண்டுலயே ஏத்தல, கடைசி வாதமும் பண்ணல. ஏன் இந்த ஆளு பேச மாட்டேங்குறான்னு ஜூரிக்குத் தோணாதா? இந்த வாட்டி 10 பேர் குற்றவாளின்னு சொன்னாங்க, 2 பேர் தான் காப்பாத்தினது. மூணாவது மார்ச்சுல ஆரம்பிச்சுது, திரும்ப கூண்டுல ஏறினாரு, திரும்ப முழுசா சொன்னாரு. ஏப்ரல் 12, 1922. ஜூரி உள்ள போயி வெளிய வர்றதுக்கு அஞ்சாறு நிமிஷம் தான் ஆச்சு, அதுலயும் பெரும்பகுதி அந்த அறிக்கையை எழுதினதுல போன நேரம். ஆர்பக்கிளுக்கு விடுதலை மட்டும் போதாது, அவருக்குப் பெரிய அநீதி நடந்திருக்குன்னு நாங்க நினைக்கிறோம், இப்படித்தான் அது ஆரம்பிக்கும்.

ஏப்ரல் 18, வில் ஹேஸ்ன்றவரு ரோஸ்கோவோட படங்களுக்குத் தடை போட்டாரு. ஹேஸ் யாருன்னா, ஸ்டுடியோ முதலாளிங்க சேர்ந்து தங்களுக்குன்னு ஆரம்பிச்ச சங்கத்துக்குத் தலைவரா கொண்டுவந்த ஆளு, அதுக்கு முன்னாடி அமெரிக்க அரசாங்கத்துல போஸ்ட்மாஸ்டர் ஜெனரல். அப்ப மாகாணத்துக்கு மாகாணம் சென்சார் சட்டம் வரப்போகுதுன்னு ஸ்டுடியோக்களுக்கு பயம், பத்தாததுக்கு 1922 பிப்ரவரியில வில்லியம் டெஸ்மண்ட் டெய்லர்ன்ற டைரக்டரை யாரோ சுட்டுக் கொன்னுட்டாங்க. ஹாலிவுட் திருந்திடுச்சுன்னு ஜனங்களுக்குக் காட்ட ஒரு தலை தேவைப்பட்டுச்சு. பாராமவுண்டோட தலைவர் அடால்ஃப் ஜூகர் உட்பட யாரும் குறுக்க நிக்கல. அவரை வெச்சு கோடி கோடியா சம்பாதிச்ச கம்பெனி அது.

தடையை அந்த வருஷ டிசம்பர்லயே ஹேஸ் எடுத்துட்டாரு, ஆனா அதுக்குள்ள பெண்கள் சங்கங்கள், சர்ச்சுங்க, மேயருங்கன்னு எதிர்ப்பு கிளம்பி, தியேட்டர்காரங்க தொடவே பயந்தாங்க. கேஸு செலவுல வீடு, காரு எல்லாம் போச்சு. வில்லியம் குட்ரிச்ன்ற பேர்ல டைரக்ட் பண்ண ஆரம்பிச்சாரு, அது அவங்க அப்பாவோட பேர்ல இருந்து எடுத்தது. 1927ல "தி ரெட் மில்"னு ஒரு படம், ஹீரோயின் மேரியன் டேவிஸ், ஹெர்ஸ்ட்டோட காதலி, படத்துக்குப் பின்னாடி இருந்ததும் ஹெர்ஸ்ட்டோட கம்பெனி தான். தன்னைக் கிழிச்ச ஆளோட காசுல, தன் பேர் போடாம வேலை செய்ய வேண்டியிருந்துச்சு அந்த மனுஷனுக்கு. 1931ல அவர் டைரக்‌ஷன்ல நடிச்ச நடிகை லூயிஸ் ப்ரூக்ஸ், அவரு டைரக்டர் சேர்ல செத்த ஆளு மாதிரி உக்காந்திருந்தாருன்னு பின்னாடி ஒரு தடவை சொல்லியிருக்காங்க.

இங்க ஒரு விஷயம், ரோஸ்கோவை ஆதரிக்கிறவங்க பலரும் செய்யற அசிங்கமான வேலை, ராப்பேவை இழுத்துப் போட்டு அடிக்கறது. அவங்க ஒழுக்கம் அப்படி, இப்படின்னு. அவர் தரப்பு வக்கீலுங்களே கோர்ட்டுல அத ஆரம்பிச்சு வெச்சாங்க, அப்புறம் புத்தகம் புத்தகமா இன்னும் மோசமா எழுதினாங்க. அந்தப் பெண் மாடலா இருந்தவங்க, உடைகள் டிசைன் பண்ணவங்க, முப்பது வயசு வாக்குல வலியில துடிச்சு செத்தாங்க, சரியான சிகிச்சை கிடைக்காம. ரோஸ்கோ நிரபராதின்னு நிரூபிக்க அவங்களை அசிங்கப்படுத்தத் தேவையே இல்ல, ஆதாரமே போதும். கமெண்ட்ல யாரும் அத இங்க கொண்டுவராதீங்க.

1932ல வார்னர் பிரதர்ஸ் கூப்பிட்டாங்க, சொந்தப் பேர்ல ஆறு குறும்படம், எல்லாமே பேசும் படம். ஜனங்க சிரிச்சாங்க. முழுநீளப் படத்துக்கும் பேச்சு முடிஞ்சுது. 1933 ஜூன் 29 அன்னிக்கு நியூயார்க்ல தூக்கத்துலயே மாரடைப்பு, வயசு 46.

பாக்கணும்னு தோணிச்சுன்னா கீட்டனும் ரோஸ்கோவும் சேர்ந்து பண்ண குறும்படங்கள் யூடியூப்லயே நிறைய கிடைக்குது. நான் சொல்றது "தி குக்", 1918. ரொம்ப வருஷமா தொலைஞ்சே போச்சுன்னு நினைச்சுட்டு இருந்த படம், 1998ல நார்வேயில கிடைச்சுது. சமையக்கட்டுல இருந்து ரோஸ்கோ பார்க்காமலே தட்டைத் தூக்கி எறிவாரு, கீட்டன் அந்தப் பக்கம் அலட்டிக்காம பிடிப்பாரு. அத்தனை பெரிய உடம்பு அவ்வளவு லேசா அசையறத அங்க பாருங்க.